இரண்டு ஏக்கர் பாலு

முதலில் அந்த ஃபேனை நிறுத்துங்கள் சார். நீங்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள், அதற்கு மேல் இந்த இரைச்சல் வேறு. நிறுத்தியாகிவிட்டதா? இன்னும் இரைகிறதே. சரி, போகட்டும். ஓசூர்ப் பக்கம் கம்பெனிகள் வந்ததிலிருந்து எங்கே போய் உட்கார்ந்தாலும் இந்த இரைச்சல்தான். நிலத்துக்கு நடுவில் நின்றாலும் இரைகிறது. மற்றபடி எனக்குக் காது நன்றாகக் கேட்கும். வயது எழுபத்து நான்கு. கண்ணும் தெரிகிறது. அதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

நான் சொல்வதை நான் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். முடிந்ததும் படித்துக் காட்ட வேண்டும். மூன்றாம் வகுப்பு வரை போயிருக்கிறேன், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நீங்களாக ஒன்றைச் சேர்த்தால் கண்டுபிடித்துவிடுவேன். காகிதம் எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. உங்களைத் தனியாகச் சொல்லவில்லை, எல்லோரையும்தான்.

பெயர் சம்பங்கி. தொரப்பள்ளி தாண்டி உள்ளே போகிற ரோட்டில் எங்கள் ஊர். நிலம் மூன்று ஏக்கர். மேட்டில் ஒன்று, ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இரண்டு. மேட்டு நிலத்தின் மூலையில் பண்ணைக்குட்டை இருக்கிறது. அதில்தான் ராமப்பன் செத்துக் கிடந்தான். அதைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். வருகிறேன். முன்னால் இருப்பதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

ராமப்பன் காலனிக்காரன். பத்தொன்பது வருஷமாகப் பள்ளத்து நிலத்தை வாரத்துக்குச் செய்தான். வாரம் என்பது உங்கள் ஊர்ச் சொல். எங்கள் பக்கம் பாலு என்போம். கன்னடம் பேசுகிறவர்களுக்கும் தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் எங்களுக்கும் பாலு என்றால் பங்கு. விளைவதில் பாதி என் பாலு, பாதி அவன் பாலு. நிலத்தில் பாலு கிடையாது. விளைச்சலில்தான் பாலு. இந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காரன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் மரியாதை தெரியாதவன். மற்ற காலனி ஆட்கள் எல்லாம் பத்தடி தள்ளி நின்று, தலையைக் குனிந்து பேசுவார்கள். இவன் நேராக முன்னால் வந்து, முகத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு, ஏரிக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி கத்துவான். "சாமி, மருந்து அடிக்கணும் சாமி" என்று கையால் மருந்து அடிக்கிற மாதிரி செய்தும் காட்டுவான். ஒரு நாள் கேட்டேன், "ஏன்டா, நான் என்ன செவிடனா?" என்று. சிரித்தான். "நம்ம வாய் அப்பிடி சாமி, மோளம் அடிச்ச வாய்" என்றான். சாவுக்கு மேளம் அடித்த வம்சம். விட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் தெளிவாகப் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். இப்போது யாருமே வாயைத் திறந்து பேசுவதில்லை. என் மகன் ராஜ்குமார் பெங்களூரில் இருந்து போன் போடுவான், ஒரு வார்த்தை பேச மாட்டான். நான் ஹலோ ஹலோ என்பேன், பிறகு வைத்துவிடுவேன். என் வீட்டுக்காரி சரோஜம்மாளும் அப்படித்தான். கடைசி ஆறேழு வருஷம் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். கேட்டதற்குப் பதில் வராது. மூன்று தடவை கேட்பேன். அடுப்புக்குப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பாள். பதில் சொல்லாத பொம்பளையை என்ன செய்வது? கையில் இருப்பதை வைத்து அடிப்பேன். ஒரு தடவை அது களி கிண்டுகிற கட்டையாக இருந்தது. தாடை எலும்பு விலகிவிட்டது. அதற்குப் பிறகு அவளால் நிஜமாகவே பேச முடியவில்லை, அதனால் அந்தப் பிரச்சினை முடிந்தது. அன்றைக்கு ராஜ்குமார் குறுக்கே வந்தான், அவன் கையிலும் பட்டது. அந்த வாரமே பெங்களூருக்குப் போய்விட்டான். "அம்மா பதில் சொல்லிச்சுப்பா, சொல்லிக்கினே இருந்திச்சு" என்று பஸ் ஏறும்போது என் முகத்துக்கு நேரே கத்தினான். அம்மாவுக்காகப் பொய் சொல்கிற பிள்ளை. அவள் செத்து நான்கு வருஷம் ஆகிறது.

அடி ஒன்றும் புதிதில்லை. என் அப்பன் என்னை ஏர்க்கட்டையால் காதோடு சேர்த்து அடித்திருக்கிறான். இரண்டு நாள் ரத்தம் வந்தது. நான் என்ன கெட்டா போனேன்?

புயல் மழைக்கு வருகிறேன். எங்கள் ஏரி எழுபது வருஷத்தில் நிரம்பி நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நிரம்பி, மதகுக்குப் பக்கத்தில் கரை உடைந்தது. விடிந்து போய்ப் பார்த்தால் பள்ளத்து நிலம் இல்லை. முட்டைக்கோஸ் அறுக்கிற பக்குவத்தில் இருந்தது, ஒன்றுகூட இல்லை. வரப்பு இல்லை. இடுப்பு உயரத்துக்கு மணலும் குண்டுக்கல்லும் ஏறிக் கிடந்தது. ராமப்பன் அந்த மணல் மேல் உட்கார்ந்து, கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வரவில்லை. அவனுக்கு வந்தது. என் நிலத்துக்கு அவன் எதற்கு அழுகிறான் என்று அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பத்து நாள் கழித்து மானியம் என்றார்கள். வெள்ளத்தில் மண் மூடிய நிலத்தைத் திருத்த, மணல் அள்ள, வரப்பு போட அரசாங்கம் பணம் கொடுக்கும், ஆபீசர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார் என்றார்கள். வந்தது அனிதா என்கிற பெண். வேளாண்மை ஆபீஸ். ஸ்கூட்டியை ரோட்டில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தது.

நான் மோட்டார் ரூம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னிடம் வந்தது. வாயை அசைத்தது. நான் காத்திருந்தேன். மறுபடி அசைத்தது, போனைக் காட்டியது, சிரித்தது. ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என்னை விட்டுவிட்டு நேராக ராமப்பனிடம் போயிற்று. நிலத்துக்காரன் இங்கே நிற்கிறான், பாலுக்குச் செய்கிறவனிடம் என்ன பேச்சு? அவனை "அண்ணா" என்றது. அது எனக்கு வாயசைவிலேயே தெரிந்தது.

அவன் வழக்கம் போல சத்தமாகத்தான் பேசினான். நாற்பதடி தூரத்தில் நின்றேன், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. கையை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நீட்டினான். "எரடு எகரே மா. எல்லா பாலு. பூரா பாலு" என்றான்.

இரண்டு ஏக்கரும் பாலு. பூரா பங்கு. அந்தப் பெண் எழுதிக்கொண்டது. அவனை நிலத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தது. அவன் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் வந்து ஒரு காகிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் தட்டிக் காட்டியது. எழுத்துக் கூட்டிப் பார்ப்பதற்குள் பொறுமை இல்லாமல் மறுபடி மறுபடி தட்டியது. ராமப்பன் ஓடி வந்து, "போடு சாமி, போடு, நல்லது" என்று என் முகத்தில் கத்தினான். போட்டேன். அவன் சொல்லித்தான் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். அந்தச் சொல் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரிகிற மாதிரி உங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அந்த மூன்று ஏக்கர் எங்களுக்கு அப்படித்தான் வந்தது.

நிலம் முதலில் பெங்களூரில் கடை வைத்திருந்த ஒருவருடையது. என் அப்பன் பாலுக்குச் செய்தான். ஒரு வருஷம் சர்வே ஆபீசர் வந்தார். யார் நிலம் என்று கேட்டார். அப்பன் நிலத்தில் நின்று கையை நீட்டி, "எல்லா பாலு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆபீசர் அப்பன் பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த வருஷம் அந்தக் கடைக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு நிலத்தைக் கேட்க வந்தார். அப்பன் கடப்பாரையால் அவருடைய முழங்காலில் போட்டான். ஒரே போடு. நான் மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், மீசை முளைத்துவிட்டது அப்போது. அவரைத் தூக்கி மாட்டு வண்டியில் போட்டு ஓசூர் ரயிலடியில் இறக்கிவிட்டு வந்ததும் நான்தான். வழி முழுக்க "எனக்குக் குழந்தைகள் இருக்கு" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். குடை எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. பத்து வருஷம் பிடித்தோம்.

ஆக, அந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். முதலில் காகிதம், அப்புறம் கடப்பாரை.

மறுநாள் டீக்கடையில் ஆஞ்சப்பன் ஆரம்பித்தான். கடை அவனுடையது, வாயும் அவனுடையது. பாய்லர் மேலே குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னா சம்பங்கி, ராமப்பன் போட்டோல மாப்ள கணக்கா நிக்கிறானாமே. இனிமே உன் வரப்புல நீ ஒண்ணுக்குப் போவணும்னாகூட அவங்கிட்டதான் பர்மிசன் வாங்கணும்" என்றான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் பல் தெரிந்தது. விளையாட்டுக்குச் சொன்னேன் என்று உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். விஷயம் இல்லாமல் விளையாட்டு எங்கிருந்து வரும்?

புதன்கிழமை, சாயங்காலம் நான்கு மணி இருக்கும். குட்டையில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வில் வண்டல் அடைத்துக்கொண்டது. ராமப்பனைக் கூப்பிட்டேன். வந்தான்.

அந்தக் குட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் மானியத்தில் வெட்டியதுதான், எட்டு வருஷம் ஆகிறது. தண்ணீர் மண்ணில் இறங்காமல் இருக்க நான்கு பக்கமும் அடியிலும் கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கிறார்கள். சரிவில் பாசி பிடித்துவிட்டால் ஓணான்கூட ஏற முடியாது. உள்ளே இறங்கினவன் கயிறு இல்லாமல் வெளியே வர முடியாது. மூன்று வருஷம் முன்னால் கெம்பம்மாவின் கன்றுக்குட்டி உள்ளே போய், ஒரு மத்தியானம் முழுக்கச் சுற்றிச் சுற்றி நீந்திச் செத்தது. கெம்பம்மா ராமப்பனின் பெண்டாட்டி. அதற்குப் பிறகு ராமப்பன் கல்கம்பத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, தண்ணீர் வரைக்கும் இறக்கிவிட்டான். நான் சொல்லவில்லை, அவனாகவே செய்தான்.

புயல் மழையில் குட்டை நிரம்பி இருந்தது. தண்ணீர் காபி மாதிரி கலங்கிக் கிடந்தது. சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, கயிற்றைப் பிடித்து இறங்கினான். இரண்டு தடவை முங்கி எழுந்தான். மூன்றாவது தடவை எழுந்து, "சரியாச்சு சாமி" என்று கையைக் காட்டினான். பிறகு கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்கினான்.

பாதி வந்தபோது கேட்டேன். "அந்தப் பொம்பளைகிட்ட என்னடா சொன்ன?"

நின்றான். பல்லைக் காட்டினான். என்னைப் பார்த்துக் கத்தினான், "இருக்கறத சொன்னே சாமி. எரடு எகரே எல்லா பாலு."

என் முகத்துக்கு நேரேயே சொல்கிறான். மறைக்கக்கூட இல்லை.

"பாலு கேக்கறியா நீ?" என்றேன். அரிவாள் இடுப்பில் இருந்தது. காலையில் புல் அறுக்க எடுத்தது. கயிற்றைக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே வைத்து அறுத்தேன். நல்ல நைலான் கயிறு, நான்கு இழுப்பு வேண்டியிருந்தது. அந்த நான்கு இழுப்பு நேரமும் அவன் என் கையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். நம்பவில்லை போலிருக்கிறது. அறுந்ததும் மல்லாந்து சரிந்து போய்த் தண்ணீரில் விழுந்தான்.

எழுந்ததும் பேச்சு மாறிவிட்டது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக்கொண்டு கத்தினான். "பாலு இல்ல சாமி, பாலு. பாலு" என்றான். பாலு இல்லை என்று ஒரு தடவை, பாலு என்று ஒரு தடவை. கழுத்து வரைக்கும் தண்ணீர் வந்த பிறகும் மாற்றி மாற்றிப் பேசுகிறவனை எப்படி நம்புவது? கை நிறைய வண்டலை அள்ளி எடுத்து எனக்குக் காட்டினான், விரல் வழியாகக் கீழே விட்டான். மறுபடி அள்ளினான், விட்டான். அன்றைக்கு மணல் மேல் உட்கார்ந்து செய்த அதே வேலை. சாகிற நேரத்திலும் மண்ணைத்தான் காட்டுகிறான் பாருங்கள், இது என் பங்கு என்று.

சரிவைப் பிடித்து ஏற வந்தான். பாசி தள்ளுகிற மூங்கில் கழி அங்கேயே கிடக்கும். அதை நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். எதிர்ப்பக்கம் போனான். நானும் சுற்றிக்கொண்டு போனேன். அவசரப்படவில்லை. அவன் நீந்துகிற வேகத்துக்கு நான் நடந்தாலே போதும். அங்கே நகத்தால் தாளைக் கிழிக்கப் பார்த்தான். தாள் விலை அதிகம் சார், கிழிந்தால் குட்டையே வீண். விரல் மேல் அடித்தேன். இரண்டு மூன்று விரல் பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. கறுப்புத் தாளில் ரத்தம் தெரியாது. கழியின் நுனியை ஒரு தடவை கையால் பிடித்துக்கொண்டான். இழுக்கவில்லை. இழுத்திருந்தால் நானும் உள்ளேதான். பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். திருகி எடுத்துக்கொண்டேன்.

தலையில் அடித்தது ஒரு தடவை. போஸ்ட்மார்ட்டத்தில் மூன்று என்று இருந்தால் தப்பு. மற்ற இரண்டும் தோளில் பட்டது.

மொத்தம் இரண்டு பீடி நேரம். முதல் பீடி முடியும்போது இன்னும் கத்திக்கொண்டிருந்தான். இரண்டாவது பாதியில் குமிழி நின்றது.

வேலையில் குறை வைக்கிறவன் இல்லை என்று சொன்னேன் அல்லவா. ஃபுட்வால்வை முழுக்கச் சுத்தம் செய்துதான் இருந்தான். மோட்டாரைப் போட்டேன், தண்ணீர் நன்றாக வந்தது. மேட்டில் தக்காளி இருந்தது. அன்றைக்கும் அடுத்த மூன்று நாளும் அந்தத் தண்ணீரைத்தான் விட்டேன். கலங்கின தண்ணீர், உள்ளே இருப்பது தெரியாது. சட்டையை மட்டும் எடுத்து மோட்டார் ரூமில் வைத்தேன். அதில் அவனுடைய வெற்றிலைப் பொட்டலம் இருந்தது. நான் வெற்றிலை போடுவதில்லை. அதனால் அப்படியே இருக்கும், போய்ப் பாருங்கள்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் கெம்பம்மா வந்து வாசலில் நின்றாள். வாய் அசைந்தது. எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரியும், கேட்க வேண்டியதில்லை. "ஓசூருக்கு மகனைப் பார்க்கப் போயிருப்பான்" என்றேன். காபி கொடுத்தேன். அவர்களுக்கு என்று வெளியே வைத்திருக்கிற டம்ளரில்தான் கொடுத்தேன், ஆனால் சூடாகக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

நான்காம் நாள் மிதந்தான். நான்தான் ஆள் கூப்பிட்டேன். புயலில் கரை வழுக்கிவிட்டது, விழுந்துவிட்டான் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். இதையும் எழுதுங்கள்: வெள்ள சமயத்தில் தண்ணீரில் செத்தால் குடும்பத்துக்கு அரசாங்கம் பணம் கொடுக்கும் என்று கெம்பம்மாவுக்குச் சொன்னதும் நான்தான். மனு போடச் சொன்னேன். என் பேச்சு அப்படியே நின்றிருந்தால் அவளுக்கு ஒரு தொகை வந்திருக்கும். நான் கெடுதல் மட்டும் செய்தவன் இல்லை. அதைக் கெடுத்தது அவள் பெற்ற பிள்ளை.

விமல்ராஜ் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். அப்பனை எரித்த மறுநாள் கம்பெனிச் சட்டையோடு நேராகக் குட்டைக்குப் போயிருக்கிறான். கல்கம்பத்தில் மிச்சம் இருந்த கயிற்றுத் துண்டை அவிழ்த்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். சட்டையோடு சேர்த்து என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்தான். மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம். "முடிச்சு எங்கப்பன் போட்டது. அறுத்தது யார்ரா? கயிறு இத்துப்போனா பிசிறு பிசிறாதான்டா போவும். இது கத்தி பட்ட கயிறு" என்றான். டா போட்டான். அவனும் அப்பன் மாதிரியே தெளிவாகப் பேசுகிறான். வாயிலேயே குத்தினான். இரண்டு பல் போயிற்று. இதோ, இங்கே. கேஸ் வேண்டாம், விடுங்கள். அப்பனைப் பறிகொடுத்த பையன்.

கெம்பம்மா கொடுத்த சாட்சியைத்தான் நீங்கள் ஏற்கக் கூடாது. ஏரிக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்தாளாம். நான்கு மணிக்கு கம்பெனிச் சங்கு ஊதினபோது நிமிர்ந்து பார்த்தாளாம். நான் கழியோடு கரையில் நிற்பது தெரிந்ததாம், பாசி தள்ளுகிறார் என்று நினைத்தாளாம். புருஷன் கத்தினதும் கேட்டதாம். பிறகு ஏன் ஓடி வரவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு, "அவுருகிட்ட பேசினா இது எப்பவும் அப்பிடிதான் கத்தும் சார். அவுருக்குக் கேக்காதுன்னு கத்தும்" என்றாளாம்.

எழுதி வைத்திருக்கிறீர்கள், நான் கூட்டிப் படித்தேன். ஊரைக் கூட்டி விசாரியுங்கள். அந்தக் கம்பெனிச் சங்கு ஊதுவதை நிறுத்தி பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊதாத சங்கைக் கேட்டேன் என்கிறவள் வேறு எதைத்தான் கேட்டிருக்க மாட்டாள்? பொய் சாட்சி. ஆனால் கழி பிடித்து நின்றது உண்மை. அதை நானே சொல்லிவிட்டேன்.

அனிதாவின் காகிதத்தையும் காட்டினீர்கள். நில உரிமையாளர் சம்பங்கி. பயிர் செய்பவர் சம்பங்கி. எல்லா இடத்திலும் என் பெயர்தான் இருக்கிறது. ராமப்பன் பெயர் கடைசியில் ஒரு இடத்தில், இடத்தைக் காட்டியவர் என்று. மானியமும் போன வாரம் என் பாங்குக் கணக்கிலேயே ஏறியிருக்கிறது என்கிறீர்கள். பிறகு எதற்குக் கொன்றாய் என்று இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிக் கேட்டார். இது என்ன கேள்வி? அவன் போனதால்தான் என் பெயருக்கு வந்தது. அவன் சாவதற்கு ஐந்து நாள் முன்னால் எழுதின காகிதம் என்று தேதியைக் காட்டுகிறார். தேதி போடுகிறவனும் ஒரு காகிதக்காரன்தானே சார்.

போட்டோவையும் பார்த்தேன். கலரில் நன்றாக இருக்கிறது. மணல் மேட்டில் நிற்கிறான், வலது கையை நீட்டியிருக்கிறான். கை நீட்டின திசையில், பின்னால் சின்னதாக, மோட்டார் ரூம் பக்கத்தில் நான் நிற்கிறேன். "நிலம் அவுருதுன்னு உங்களைத்தான் கை காட்டறான்" என்கிறீர்கள். எல்லை காட்டுகிறான் சார். என் வரைக்கும் எல்லை என்று காட்டுகிறான்.

ஆக, முடிந்தது. நான்தான் செய்தேன். நிலத்தைக் காப்பாற்றச் செய்தேன். அவன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நேற்றுகூட லாக்கப்பில் உட்கார்ந்திருக்கும்போது, யாராவது முன்னால் வந்து நின்று வாய் திறந்து பேசினால் நன்றாக இருக்குமே என்று இருந்தது. இங்கே எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள்.

கொடுங்கள், படிக்கிறேன்.

இது தப்பு. இந்த இடம். அனிதா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அவன் சொன்னது பா, அப்புறம் ளு. பாளு. பாழாய்ப் போனதை எங்கள் பக்கம் பாளு என்போம், ஆமாம், யார் இல்லை என்றது? நிலம் மண் மூடிப் பாளாய்ப் போச்சு என்போம். ஆனால் அவன் அதைச் சொல்லவில்லை. அவன் சொன்னது பாலு. பங்கு. லு போடுங்கள். இரண்டும் வேறு வேறு எழுத்து என்பது மூன்றாம் வகுப்பு படித்த எனக்கே தெரியும். காகிதத்தில் ஒரு கொம்பை வளைத்துவிட்டால் உயிரோடு இருந்தவன் சொன்னது மாறிவிடுமா?

என்ன? வாயால் சொல்லிக் காட்டுகிறீர்களா? சொல்லுங்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லாதீர்கள். எழுந்து வந்து, முகத்துக்கு நேரே, அவன் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுங்கள்.

ம். சரி. இன்னொன்றையும் சொல்லுங்கள்.

ஒரே சொல்லை எதற்கு சார் இரண்டு தடவை சொல்கிறீர்கள்?